மலைப்பெட்டியில் ஒரு குசினி

வெங்காயம் தாளிக்கும் சத்தம் வந்தபோது என் அக்கா ஒரு வசனத்தின் நடுவில் இருந்தாள்.

புயல் போன மறுநாள் காலை. திருகோணமலை உவர்மலையில் எங்கள் வானொலிக் கழகத்தின் அறை. கூரைத் தகரம் ஒன்று பறந்து போனதால் மேலே நீலத் தறப்பாள் கட்டியிருந்தோம். காற்று முழுதாக அடங்கவில்லை. விட்டு விட்டு வந்து தறப்பாளை அறைந்தது. ஊரில் மின்சாரம் இல்லை, ரெலிபோன் இல்லை. மேசையில் எங்கள் பெரிய வானொலிச் செற் ஒரு கார் பற்றரியில் ஓடிக்கொண்டிருந்தது.

அதில் அக்காவின் குரல் மெல்லியதாக, ஆனால் தெளிவாக வந்தது.

"ஈச்சிலம்பற்றிலையிருந்து கதைக்கிறன். ஒரு ஆளுக்குப் பாம்பு கடிச்சுப்போட்டுது. புடையன். ஆளை ஏத்தப் படகு வேணும். படகு எந்தப் பக்கத்தாலை வரவேணுமெண்டால்..."

அந்த இடத்தில் எண்ணெய் பொரிந்தது. கடுகு வெடித்தது. அக்காவின் குரல் அதற்குக் கீழே எங்கோ போய்விட்டது. யாரோ ஒரு பெண், அடுப்படியில் நின்று, "அந்தக் கருவேப்பிலையை இஞ்சாலை எடு பிள்ளை" என்றாள்.

கழகத் தலைவர் தர்மலிங்கம் சேர் குமிழை இங்கேயும் அங்கேயும் திருகினார். பாங்கில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எதையும் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்க்கிற மனிதர்.

"ஆரோ பொத்தானை அமத்தி வச்சிருக்கினம்" என்றார்.

நான் கதவுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

ஒரே வாசல்

போன கிழமைப் பத்தியில் உங்களை மன்னார் உப்பளத்தில், வெயிலில் விட்டுவிட்டு வந்தேன். இந்தக் கிழமை அங்கே திரும்பப் போக மனம் வரவில்லை. வெளியே காற்று அடித்தால் எனக்கு அந்த வெங்காயச் சத்தம்தான் காதுக்குள் கேட்கிறது. அதைச் சொல்லி முடித்துவிட்டுப் பிறகு உப்புக்குப் போகலாம்.

ஒரு குசினி, அதாவது ஒரு சமையலறை, எப்படி ஒரு மாவட்டத்தின் வாயை மூடியது என்று விளக்க வேண்டும்.

எங்கள் கையில் இருக்கும் செற்றுகள் சின்னவை. தனியே விட்டால் அவற்றின் குரல் சில மைல் போகும், அதற்குமேல் போகாது. அதனால் கழகம் ஒரு மலை உச்சியில் பெட்டி ஒன்று வைத்திருக்கிறது. படித்தவர்கள் ரிப்பீட்டர் என்பார்கள். எங்களுக்கு அது மலைப்பெட்டி. கீழே யார் பேசினாலும் அது வாங்கி, உரத்த குரலில் திருப்பிச் சொல்லும். திரியாயில் பேசுவது வெருகலில் கேட்பது அதனால்தான்.

ஆனால் பெட்டிக்கு ஒரு நேரத்தில் ஒரு குரல்தான். இரண்டு பேர் ஒன்றாகப் பேசினால் பலமான குரலை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும்.

திருகோணமலை நகருக்குள் எங்கோ ஒரு செற்றின் பேச்சுப் பொத்தான் தெரியாமல் அமுங்கிக் கிடந்தது. அது மலைக்குக் கிட்ட இருந்தது. அக்கா தூரத்தில் இருந்தாள். பெட்டி அக்காவை விட்டுவிட்டு வெங்காயத்தை எடுத்துக்கொண்டது.

பொத்தான் அமுங்கிய செற்றுக்கு இன்னொரு குணம் இருக்கிறது. அது பேசிக்கொண்டிருக்கும்வரை அதற்குக் காது இல்லை. ஊர் முழுக்க அதைக் கேட்கலாம். ஊர் கத்தினாலும் அதற்குக் கேட்காது.

முன்பு பெட்டியில் ஒரு மணிக்கூடு இருந்தது. யாராவது நீட்டிப் பேசினால் தானாகவே வெட்டிவிடும். ஆனால் எங்கள் சேர் வணக்கம் சொல்லி, மழை வெயில் சொல்லி, விஷயத்துக்கு வருகிற நேரம் பார்த்து அது வெட்டும். அவர் மனம் நோகிறார் என்று நாங்களே மலையேறி அதைக் கழற்றிவிட்டோம். உலகத்தில் வேறு எந்தக் கழகமும் மரியாதைக்காக இப்படி ஒரு வேலை செய்திருக்காது.

கம்பி கட்டப் போனவன்

நான் இந்தக் கழகத்துக்குப் படித்துப் போனவன் அல்ல. ஏறிப் போனவன்.

என் படிப்பு பாதி பள்ளிக்கூடத்தில், பாதி அகதி முகாமின் மரத்தடியில். எட்டாம் வகுப்போடு சரி. அதன் பிறகு புறக்கோட்டையில் மூட்டை தூக்கினேன், லொறியில் தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றினேன், டோஹாவில் கம்பி கட்டினேன், நிலாவெளியில் ஹோட்டல் சுவருக்குப் பெயின்ற் அடித்தேன். ஓர் இடத்தில் இரண்டு மழைக்காலம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கத் தொடங்கிவிடும். பசித்த நாட்கள் இருந்தன. பசி எல்லோருக்கும்தான் வருகிறது, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

உவர்மலையில் ஒரு வீட்டுக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வளவில் மூன்று நாலு பேர் ஒரு தென்னையைச் சுற்றி நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் நீளமான செம்புக் கம்பி.

"என்ன, தேங்காய் புடுங்கப் போறியளோ?" என்று கேட்டேன்.

"அன்ரனா கட்டப் போறம், தம்பி. ஏறத்தான் ஆளில்லை."

ஏறிக் கட்டிவிட்டு இறங்கினேன். தேத்தண்ணி தந்தார்கள். அந்தத் தேத்தண்ணி ஆறுவதற்குள் செற்றில் யாரோ ஒரு மனிதன், எந்த நாடோ தெரியாது, தன் ஊரில் பனி விழுகிறது என்று சொன்னான். சேர் இங்கே வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவனுக்குப் பதில் சொன்னார். எழும்பிப் போகாமலேயே போகலாம் என்று எனக்கு யாரும் அதுவரை காட்டவில்லை.

பெயின்ற் வேலை முடிந்தது. நான் போகவில்லை. வானொலி அனுமதிக்கான பரீட்சையில் ஒருமுறை தவறி, பிறகு பாஸ் பண்ணி, என் பெயருக்கும் ஓர் அழைப்புக்குறி வந்தது. அதற்குப் பிறகும் நான் ஊர் ஊராகப் போய் வந்தேன். ஆனால் இப்போது திரும்பி வர ஓர் இடம் இருந்தது. அந்த இடத்தில் ஒரு கதிரையும் இருந்தது, அதில் நான் அதிகம் இருந்ததில்லை.

கழகத்தில் செய்வது பெரிய வேலை ஒன்றுமில்லை. வெளிநாட்டு நிலையங்களைத் தேடிப் பிடிப்பது. பள்ளிக்கூடங்களில் போய் மோர்ஸ் தட்டிக் காட்டுவது. லீவு நாட்களில் நரி வேட்டை. நரி என்றால் ஒரு சின்ன ஒலிபரப்பிப் பெட்டி. ஒருவர் அதை ஊருக்குள் எங்காவது ஒளித்து வைப்பார், மற்றவர்கள் அதன் சமிக்ஞை வருகிற திசையைப் பிடித்துத் தேடிப் போக வேண்டும். இருப்புக்கொள்ளாதவனுக்கு அதைவிட நல்ல விளையாட்டு இல்லை.

"செய்தி இல்லை"

மழைக்காலத்துக்கு முன் வெள்ளம் சூழக்கூடிய ஊர்களில் ஆளுக்கொரு செற் கொடுத்து வைப்பது என்று கழகம் முடிவெடுத்தது. உரிய இடங்களில் அனுமதி வாங்கியிருந்தோம். ஈச்சிலம்பற்றுக்கு யார் என்று கேட்டபோது நான் அக்காவின் பெயரைச் சொன்னேன். பத்மா அக்கா. அத்தான் இல்லாத பிறகு தையல் மெசினோடு தனியே இருக்கிறவள். என்னைவிட நன்றாகப் படித்தவள், என்னைவிட நிதானம்.

செற்றைக் கண்டதும் வாசலிலேயே நிறுத்தினாள்.

"உந்தச் சாமானை உள்ளுக்குக் கொண்டு வராதை."

"அக்கா, இது சட்டப்படி..."

"எந்தச் சட்டம்? முந்தி ஒரு துண்டு வயர் வச்சிருந்ததுக்கு ஆக்களைக் கொண்டு போனவங்கள். நீ முகாமிலை விளையாடிக்கொண்டு திரிஞ்சனி. நான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

அவள் சொன்னது சரி. யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் கூரையில் கம்பி நீட்டுவது விளையாட்டல்ல. நான் செற்றை மடியில் வைத்துக்கொண்டு வெளிவாசலில் இருந்தேன். மூன்று வீடு தள்ளி, முந்திய வருட வெள்ளம் சுவரில் விட்டுப்போன கோடு தெரிந்தது. அக்காவும் அதைப் பார்த்தாள்.

"எப்பிடி அமத்திறது?" என்றாள் பிறகு.

பழக்கினேன். அமத்திவிட்டு ஒரு மூச்சு பொறுத்துப் பேச வேண்டும். பேசி முடிந்தால் ஓவர். ஆபத்துச் செய்தி என்றால் எந்த ஊர், என்ன நடந்தது, என்ன வேண்டும், எப்படி வருவது. நோயாளியின் பெயரை மட்டும் சொல்லக் கூடாது. செற் வைத்திருக்கும் எல்லோரும் கேட்பார்கள், செய்தி வந்து சேருமுன் சொந்தக்காரர் அலறக் கூடாது. இது எங்கள் கழகத்தின் கட்டாய விதி.

ஞாயிறு பின்னேரம் சேர் ஊர் ஊராகக் கூப்பிடுவார். ஒவ்வொருவரும் பதில் சொல்ல வேண்டும். ஈச்சிலம்பற்று என்று கூப்பிட்டால் அக்கா சொல்வாள்: "இஞ்சை எல்லாரும் சுகம். செய்தி இல்லை. ஓவர்."

நான் அக்காவோடு ரெலிபோனில் பேசுவது வருஷத்தில் ஒருமுறையோ இருமுறையோ. எங்கே இருக்கிறாய் என்று கேட்பாள், வேலையில் என்பேன், வைத்துவிடுவோம். ஞாயிறுகளில் நான் எந்த மூலையில் நின்றாலும், மலைப்பெட்டி கேட்கும் தூரம் என்றால், அந்த இரண்டு வசனத்துக்காகச் செற்றைத் திறந்து வைப்பேன். நான் பதில் சொல்வதில்லை. அவளுக்கு நான் கேட்பது தெரியாது.

அளவு நாடா

இனிக் கழக அறைக்குத் திரும்புகிறேன்.

எங்கள் பெரிய செற்றுக்குப் பலம் அதிகம். அதனால் எங்கள் குரல் குசினியை மீறி மலைக்கு ஏறும். சேர் கூப்பிட்டார்.

"ஈச்சிலம்பற்று, உங்கடை செய்தி பாதியிலை நிண்டுட்டுது. நாங்கள் சொல்லுறது உங்களுக்குக் கேக்கும். நீங்கள் சொல்லுறது எங்களுக்குக் கேக்கேல்ல. பொறுத்திருங்கோ."

பிறகு எல்லா நிலையங்களுக்கும் தங்கள் செற்றைப் பார்க்கச் சொன்னார். எங்கள் அழைப்பைக் கேட்டு யாராவது செற்றைப் பார்த்தால் அவர் குற்றவாளி அல்ல. குற்றவாளிக்குத்தான் கேட்காதே.

மூதூர் இறங்குதுறையில் நாசர் காக்கா படகோடு நின்றார். கிண்ணியாக்காரர், படகு இயந்திரம் திருத்துபவர், எங்கள் கழகத்தின் ஆள். அவரோடு நாங்கள் வேறோர் அலைவரிசையில் நேரே பேசலாம். நடுவில் குடாக்கடல்தான். ஈச்சிலம்பற்றுக்குக் கடலாலும் போகலாம், களப்பு என்கிற உள்நீரேரியாலும் போகலாம்.

"காக்கா, ஈச்சிலம்பற்றிலை பாம்புக்கடி" என்றேன் நான்.

"கேட்ட, கேட்ட. டொக்டர் தம்பியும் ஊசிப் பெட்டியோட இஞ்சதான் நிக்காரு. வழியைச் செல்லுங்கடா. கடலாலயா, களப்பாலயா?"

"தெரியாது. அதைச் சொல்ல வரேக்கைதான் நிண்டது."

"எண்ணெய் ஒருக்காப் போய் வரத்தான் இரிக்கி, செல்வம். பிழையான பக்கம் போனா அந்த ஆள் முடிஞ்சிரும். தொண்டைக்குள்ள இரிக்கிற உசிர வச்சிக்கிட்டு எவ்வளவு நேரம் நிக்கிற?"

பெரிய செற்றில் அந்தப் பெண் இப்போது சிரித்துக்கொண்டிருந்தாள். வெள்ளத்துக்கு ஒதுங்கி வந்த அயல் பெண்ணோடு பேசுகிறாள் போலிருந்தது.

"எங்கடை மனிசன் விடியவெள்ளன வெளிக்கிட்டுட்டுது. கூரை பறந்தாலென்ன, வீடு பறந்தாலென்ன, அங்கை போய் நாலுதரம் ஓவர் எண்டு சொன்னாத்தான் அதுக்குத் தேத்தண்ணி இறங்கும். நித்திரையிலையும் ஓவர்தான், பிள்ளை! திரும்பிப் படுக்கிறதுக்கு முதல் ஓவர்!"

அறையில் ஒருவர் இருவர் சிரித்துவிட்டார்கள். தர்மலிங்கம் சேரும் சிரித்தார்.

"ஆரின்ரை மனிசியோ, பாவம்."

"சேர், எங்கடை ஆக்களிலை ஒராளின்ரை வீடுதான் இது" என்றாள் சுகந்தி. கணினி வகுப்பு நடத்துகிறவள், நரி வேட்டையில் என்னைத் தோற்கடிக்கிற ஒரே ஆள். "புருஷன்ரை பேரை ஒருக்காச் சொன்னால் போதும், பிடிச்சிடலாம்."

"எங்கடை பொம்பிளையள் பேர் சொல்லமாட்டினம், பிள்ளை."

உண்மைதான். அவர், இவர், மனிசன், அது என்று வந்ததே தவிர பெயர் வரவில்லை. நாங்கள் ஒருவர் குரலை ஒருவர் நித்திரையிலும் சொல்வோம். ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் போனதில்லை.

"வீட்டிலை இரண்டாவது செற் ஆராரிட்டை இருக்கு?" என்று கேட்டேன்.

"நாலைஞ்சு பேரிட்டை இருக்கும். என்னட்டையும் ஒண்டு இருக்கு. அது அலுமாரிக்குள்ளை, அணைச்சபடி" என்றார் சேர்.

நான் மூலையில் கிடந்த வேட்டை அன்ரனாவை எடுத்தேன். மேசன்மார் வைத்திருக்கும் இரும்பு அளவு நாடாவைத் துண்டு துண்டாக வெட்டி, பிளாஸ்டிக் குழாயில் பூட்டிச் செய்தது. மீன் முள்ளு மாதிரி இருக்கும். சுகந்தி ஸ்கூட்டியைத் திருப்பினாள். நான் பின்னால் ஏறினேன்.

ஹோர்ன்

வழியில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் ஏறிப் பிடித்த முதல் திசை வடமேற்காகக் காட்டியது. கடற்கரைப் பக்கம் போய் இரண்டாவதைப் பிடித்தோம். இரண்டு கோடும் வெட்டிய இடத்துக்குப் போனால் அங்கே பெரிய தகரக் கூரைப் பண்டகசாலை ஒன்றுதான் இருந்தது. நாய்கூட இல்லை. சமிக்ஞை அந்தத் தகரத்தில் பட்டுத் தெறித்து எங்களை ஏமாற்றியிருந்தது.

"ச்சே" என்றாள் சுகந்தி. திருப்பினாள்.

வீதி முழுக்க விழுந்த மரம். வேம்பு, முருங்கை, ஒரு முழு வாகை. இறங்கித் தூக்கி, கடந்து, ஏறினோம். தண்ணீர்ப் பவுசர் வண்டிக்கு வரிசையில் நின்ற சனம் என் கையில் இருந்த மீன் முள்ளைப் பார்த்தது.

"தம்பி, கரண்ட் எப்ப வரும்?"

"நாங்கள் கரண்ட்காரர் இல்லை, ஐயா."

"அப்ப உதென்ன, டிவி அன்ரனாவோ? ஊர் தாண்டு கிடக்குது, இவர் நாடகம் பாக்கப் போறார்!"

வரிசை முழுதும் சிரித்தது. நான் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மறுகையில் இருந்த செற்றில் யாரோ தேங்காய் திருவினார்கள்.

கடிபட்ட ஆள் அக்கா இல்லை என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவ்வளவு நிதானமாகச் செய்தி சொன்னவள் கடிபட்டிருக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருப்பார்கள், அங்கே வேறு யாருக்கோ. ஒவ்வொரு மரத்தடியிலும் இறங்கும்போது இதையே சொன்னேன்.

பாலையூற்றுப் பக்கம் வந்தபோது அளவுகாட்டி முழுதாக ஏறிவிட்டது. எந்தப் பக்கம் திருப்பினாலும் முழுது. மிகக் கிட்ட வந்துவிட்டால் அப்படித்தான், அதற்குமேல் அன்ரனா திசை சொல்லாது. இரண்டு பக்கமும் ஒழுங்கைகள், ஒழுங்கை நிறைய வீடுகள், எல்லா வீட்டிலும் குசினி.

"செல்வமண்ணை, செற்றைக் காதிலை வையுங்கோ" என்றாள் சுகந்தி. ஹோர்னை அழுத்தினாள்.

முதல் ஒழுங்கையில் செற்றுக்குள் ஹோர்ன் கேட்கவில்லை. இரண்டாவதில், கனவில் போல, எங்கோ ஒரு மெல்லிய பீப். மூன்றாவது ஒழுங்கைக்குள் அவள் கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டே போனாள். நாய்கள் குரைத்தன. செற்றுக்குள்ளும் அதே நாய்கள் குரைத்தன.

அப்போது செற்றில் அந்தப் பெண் கோபமாகச் சொன்னாள்: "ஆரடா அது, றோட்டிலை விசரன் மாதிரி அடிச்சுக்கொண்டு வாறது?"

அதே வசனம் வலப்பக்கத்து மதிலுக்கு மேலாலும் வந்தது.

படலையைத் தள்ளிக்கொண்டு ஓடினோம். குசினி வாசலில் அகப்பையோடு நின்றவரைப் பார்த்ததும் சுகந்தி நின்றுவிட்டாள். கழக விழாக்களில் வந்து ஓரமாக இருந்துவிட்டு, ஒரு சொல் பேசாமல் போகிற அம்மா. தர்மலிங்கம் சேரின் மனைவி.

"என்ன தம்பி? இவருக்கு ஏதும்..."

"அவர் சுகமா இருக்கிறார், அன்ரி. செற் எங்கை?"

அரிசி வாளிக்கும் சுவருக்கும் நடுவே செருகி, நிமிர்த்தி வைத்திருந்தார். பொத்தான் இருக்கிற பக்கம் சுவரோடு ஒட்டி அமுங்கிக் கிடந்தது.

"காத்து அடிச்ச அடிக்கு இவர் எப்பிடிப் போய்ச் சேர்ந்தாரோ எண்டு அலுமாரியிலையிருந்து எடுத்துப் போட்டுப் பாத்தனான். கதைச்சுக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டு சமைப்பமெண்டு இதிலை வச்சன். பிறகு சத்தத்தைக் காணேல்ல. களைச்சுப்போனாராக்கும் எண்டு நினைச்சன்."

பிறகு எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் கதைச்சதெல்லாம்..." என்றார்.

"மலைக்கே கேட்டது, அன்ரி" என்றாள் சுகந்தி.

சேர் பின்னேரம்தான் இதை அறிந்தார். அறிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அவ இப்பிடிச் சிரிச்சுக் கதைக்கிறவவெண்டு எனக்குத் தெரியாது" என்றார்.

நான் செற்றைச் சுவரிலிருந்து உருவினேன்.

பெயர் சொல்லாத செய்தி

மலைப்பெட்டி வெறுமையாகியது. ஒரு மூச்சு அளவு ஒன்றுமில்லை. பிறகு அக்கா.

விடாமல் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். கேட்காது என்று தெரிந்தும், அமத்தி, சொல்லி, விட்டு, பொறுத்து, மறுபடி. நாங்கள் கேட்டது எத்தனையாவது தடவையோ.

"...கடலாலை வரவேண்டாம். ஆத்து வாய் உடைச்சுக்கொண்டு ஓடுது. களப்பாலை வாங்கோ. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலை வயலுக்குள்ளை படகு வரும், தண்ணி காணும். பொம்பிளையாள். வலது கால், கணுக்காலுக்கு மேலை. பாம்பை அடிச்சு வச்சிருக்கினம். கண் இமை பாரமாக் கிடக்கு. ஓவர்."

"செய்தி கிடைச்சது" என்றார் சேர். மற்ற அலைவரிசையில் நாசர் காக்காவுக்கு வழி போனது. இயந்திரம் இழுக்கும் சத்தத்தோடு அவர் குரல் வந்தது: "வெளிக்கிட்டாச்சு!"

நான் அந்தக் குசினியில் நின்று கடைசி வசனத்தையே மென்றுகொண்டிருந்தேன். இமை விழுகிறது என்று பக்கத்தில் நிற்கிறவர் சொல்லலாம். பாரமாகக் கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

விதியை விட்டுவிட்டுப் பொத்தானை அமத்தினேன்.

"அக்கா, செல்வம் கதைக்கிறன். கடிபட்டது ஆர்?"

பதில் வந்தது.

"பேர் சொல்லக் கூடாதெண்டு நீதானேடா பழக்கினனி. ஓவர்."

எனக்கு உடனே வெளியே ஓட வேண்டும் போலிருந்தது. ஸ்கூட்டியில் மூதூருக்கு, மூதூரிலிருந்து ஏதோ ஒன்றில் ஈச்சிலம்பற்றுக்கு. சுகந்தி என் கையைப் பிடித்தாள். "பாதை இல்லை, அண்ணை. நீங்கள் போய்ச் சேர நாளைக்காகும்."

அக்கா மறுபடி வந்தாள். சொற்கள் கொஞ்சம் குழைந்திருந்தன.

"செல்வா, நித்திரை வருது. கொள்ளக் கூடாதெண்டு இஞ்சை எல்லாரும் சொல்லுகினம். கதைச்சுக்கொண்டிரு. ஓவர்."

இப்படிப்பட்ட நேரத்தில் அலைவரிசையைச் சும்மா பேச்சுக்குக் கொடுப்பதில்லை. சேரின் குரல் வந்தது. வழமையான வணக்கம் இல்லை, முன்னுரை இல்லை.

"எல்லா நிலையமும் சும்மா இருங்கோ. செல்வம், நீர் கதையும்."

பிறகு

அக்கா பிழைத்துவிட்டாள். உங்களை அந்தரப்படுத்தி வைக்க எனக்கு விருப்பமில்லை, அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தக் குசினியில் எனக்கு இது தெரியாது.

அன்ரி அடுப்பை அணைத்தார். ஒரு கதிரையை இழுத்து எனக்குப் பின்னால் வைத்தார். நான் இருந்தேன்.

"என்னத்தைக் கதைக்கிறது, அக்கா? ஓவர்."

"எங்கையெங்கை திரிஞ்சனி எண்டு ஒருநாளும் சொன்னதில்லை. அதைச் சொல்லு."

சொன்னேன். புறக்கோட்டையில் மூட்டைக்கு மேல் படுத்தது. லொறிச் சாரதி நித்திரை கொள்ளாமல் இருக்கப் பச்சை மிளகாய் கடித்தது. மன்னார் உப்பளத்தில் வெயில் கண்ணுக்குள் போய் இரண்டு நாள் ஒன்றும் தெரியாமல் இருந்தது. ஒவ்வொரு கதைக்கும் நடுவில் பொத்தானை விட்டுப் பொறுப்பேன். முதலில் அவள் பேசினாள்.

"அதையேன் எனக்கு அண்டைக்குச் சொல்லேல்ல?"

"சொல்லி என்ன செய்யிறது, அக்கா."

"உப்பு அனுப்பியிருக்கலாம்."

பிறகு அவள் பதில் "ம்" ஆகியது. பிறகு அதுவும் இல்லை, பொத்தானை அமத்தி விடும் 'டிக்' மட்டும். திரியாயிலிருந்து வெருகல் வரைக்கும் செற் வைத்திருந்த எல்லோரும் அந்த 'டிக்'கைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று பிறகு சொன்னார்கள்.

நான் டோஹாவுக்கு வந்திருந்தேன். முதல் நாள், பாஸ்போட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள், வெளியே மண் கொதித்தது. பொத்தானை விட்டேன். பொறுத்தேன்.

'டிக்' வரவில்லை.

இன்னும் பொறுத்தேன். அன்ரி என் தோளில் கை வைத்திருந்தார், எப்போது வைத்தார் என்று தெரியாது. சுகந்தி வாசல் பக்கம் திரும்பி நின்றாள். நான் கூப்பிட்டேன். ஒன்றுமில்லை. மறுபடி கூப்பிட்டேன். மலைப்பெட்டியின் வெறும் இரைச்சல்.

பிறகு நாசர் காக்காவின் குரல் அதன் வழியாக வந்தது. தண்ணீரில் பலர் நடக்கும் சத்தம், இயந்திரச் சத்தம்.

"ஆளைப் படகுல ஏத்தியாச்சு. ஊசி ஏத்துறாரு டொக்டர் தம்பி. மூச்சு இரிக்கி, செல்வம், மூச்சு நல்லா இரிக்கி. கண்ணுதான் தொறக்கேலாது."

"கதைக்கிறாவோ, காக்கா?"

"நாக்குப் பிரளுதில்ல. என்னமோ செல்லுறா... பொறு, கிட்டப் போறன்." சத்தங்கள். "என்ர செற்றைக் காட்டிக் காட்டிக் கேக்குறா. பிறகு எண்டு செல்லுற மாதிரிக் கிடக்கு. ஓம், அதான். பிறகு, பிறகு எண்டுறா. என்னடா பிறகு?"

பொத்தானை அமத்தினேன்.

"அவவின்ரை காதுக்குக் கிட்டப் பிடியுங்கோ, காக்கா" என்றேன். "பிறகு, அக்கா, டோஹாவிலை எங்களை ஒரு பஸ்ஸிலை ஏத்தினவங்கள்..."